சாத்தூர் சம்பந்தம் கைவிட்டுப் போன விவரம்

சிவகாசி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் ராஜபாண்டியன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் வெள்ளைத்துரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சுப்புலட்சுமியும் மகள் ஹர்ஷினியும் சௌக்கியம். உங்கள் ரத்தக்கொதிப்பு இறங்க அம்மனை வேண்டிக்கொள்கிறோம். போனில் விளக்கப் பார்த்தால் மூன்று தடவையும் பாதியில் வைத்துவிட்டீர்கள், ஆகவே இந்தக் கடிதம்.

நீங்கள் அலைந்து கொண்டுவந்த வரனில் ஒரு குறையும் இல்லை. தீப்பெட்டிக் கம்பெனி, இன்ஜினியர் பையன். பெண் பார்க்க வந்த அன்று ஹர்ஷினியையும் பையன் மகேஷ்குமாரையும் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினோம். ஒன்றரை மணி நேரமாகியும் இறங்கவில்லை. பெரியவர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். எல்லோருமாக மேலே போய்ப் பார்த்தால், அங்கே சண்டை. இவள் ஃபிசிக்ஸ் ஆராய்ச்சி பண்ணுகிறாளே, அதில் ஒரு சங்கதி. ஒரு காரியம் இரண்டு விதமாக நடக்கலாம் என்றால் இரண்டுமே நடந்துவிடுமாம், உலகம் இரண்டாகப் பிரிந்துபோகுமாம். பையனோ, "பாக்குற வரைக்கும்தான் ரெண்டு, பாத்துட்டா ஒண்ணுதான் நிக்கும்" என்கிறார். இவள் விடுவேனா என்கிறாள். நான் சமாதானத்துக்காக, "நம்ம பட்டாசுக் கம்பெனியில ஒண்ணு வெடிச்சாலும் அடுத்ததைத் தாக்காம ரூமெல்லாம் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கமே, அந்த மாதிரியா?" என்றேன். "கிட்டத்தட்ட அதாம்ப்பா" என்றாள். எனக்கு அம்புட்டுப் பெருமை. அப்படியென்றால் நான் அனுப்புகிற ஒவ்வொரு வெடியும் ஏதோ ஒரு உலகத்தில் புஸ்ஸாகிறதே, அங்கே இருக்கிற வெள்ளைத்துரை கடைக்காரனுக்கு என்ன பதில் சொல்வான் என்று கேட்டேன்.

அப்போதுதான் பையனின் அப்பா சொன்னார்: "ஜெர்மனிப் படிப்பெல்லாம் வேற உலகத்துல வச்சுக்கிடட்டும். இந்த உலகத்துல எங்க வீட்டு அடுப்படி காத்துக்கிட்டு இருக்கு." எல்லோரும் சிரித்தோம். பையனும் சிரித்தார். நானும் சிரித்தேன் மச்சான். ராப்பகலாகப் படித்து ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கு இடம் வாங்கி, அடுத்த மாதம் கிளம்ப வேண்டிய பிள்ளை காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

அவள் வேண்டாம் என்றாள், நீங்கள் கட்டியே தீரவேண்டும் என்றீர்கள். கடைசியில் உங்கள் யோசனைப்படியே அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்க முடிவானது. வெள்ளைப்பூ வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் இல்லை. முதல் நாள் ஹர்ஷினியிடம் சொன்னேன். "ரெண்டுந்தாம்ப்பா வரும். இங்கன சிவப்பு வந்தா, இன்னொரு உலகத்துல வெள்ளை வந்திருக்கும். அந்த ஹர்ஷினி பாவம்" என்றாள். அம்மன் அங்கேயும் இருப்பாள், நீ சாப்பிடு என்றேன்.

வெள்ளிக்கிழமை, நம் வீட்டிலிருந்து மடித்துக் கொண்டுபோன இரண்டு பொட்டலத்தில் ஒன்றைப் பூசாரி தனுஷ்கோடி எடுத்துப் பிரித்தார். செவ்வரளி. மற்றதையும் பிரிக்கச் சொன்னார் மகேஷ்குமார். அம்மன் சொன்ன பிறகும் சோதித்தால் அவளுக்கு மரியாதையில்லை என்று நானே அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆக, இது தெய்வ வாக்கு. நீங்களோ நானோ செய்வதற்கு ஒன்றுமில்லை. சாத்தூர்க்காரர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். மருமகளை வழியனுப்ப அவசியம் வந்து திருநீறு பூசி ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளைத்துரை

பின்குறிப்பு: இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளிதான் வைத்தேன். இவள் சொல்வது நிஜமோ பொய்யோ, எனக்குத் தெரியாது. ஒருவேளை நிஜமாகி, ஏதோ ஒரு உலகத்தில் வெள்ளை வந்துவிட்டால் அங்கே இருக்கிற பிள்ளை என்ன செய்யும் மச்சான்? அதுவும் என் மகள்தானே. என்னைத் திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் பொட்டலம் மடித்துக் கொடுத்தது உங்கள் தங்கச்சி.