கிரேன் மாமுவின் வாயில் நின்ற ஒயின்

வாயைத் திறக்காமலே சண்டை போட்டு, சமாதானமாகி, டீயும் சொல்லக்கூடிய மனிதர் ராயபுரம் முழுக்க ஒருவர்தான்: எங்கள் கிரேன் மாமு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அந்த உயரத்துக்குக் குரல் எட்டாது. கீழே நிற்பவர் கையைக் காட்டுவார், இவர் அதன்படி செய்வார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. மூடிய முஷ்டி என்றால் அப்படியே நில். மகள் ஸ்டெல்லா பேசக் கற்பதற்கு முன்பே முஷ்டி காட்டி, ஊட்டிய இட்லியை நிறுத்தியவள்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கேக் வெட்டியதும் எல்லோரும் பொங்குகிற ஒயினைத் தூக்கி வாழ்த்த வேண்டும் என்பது அவர்கள் வீட்டு ஆசை. மாமு நாலு விதமாக நாலு பாட்டில் வாங்கிவந்தார். ருசி பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னையும், வெல்டர் ஜோசப்பையும், மீன் ஏலம் விடும் ஏழுமலையையும் கூப்பிட்டார்.

சிக்கல், அவர் கூப்பிட்டது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில். ஈஸ்டர் வரை ஒரு சொட்டுகூடக் குடிப்பதில்லை என்று மாமு மாதாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நானும் ஜோசப்பும் அப்படியே.

"கவலப்படாதீங்கடா. வெள்ளக்காரன் ஒயின டேஸ்ட் பண்ணா முழுங்கவே மாட்டான். வாயில சொழட்டித் துப்பிடுவான். வீடியோல பாத்தேன். துப்புனா அது குடி இல்ல" என்றார் மாமு.

"எனுக்கு இன்னா நைனா தவக்காலம்? நான் முழுங்கிக்கிறேனே" என்று ஏழுமலை கெஞ்சினான்.

"ரூல்சு எல்லாருக்கும் ஒண்ணுதான். பக்கெட்டு அங்க கீது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வீட்டுப் பெண்கள் சிலுவைப்பாதை ஊர்வலத்துக்குப் போயிருந்தார்கள். மாமு வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் நாலு பேரும் ஒரு பெயிண்ட் பக்கெட்டும். பாட்டில்கள் ஏழுமலையின் மீன் பெட்டி ஐஸில் கிடந்தன.

"கோலி சோடால புளிச்ச திராச்சையப் போட்டாப்ல கீது" என்றான் ஜோசப், முதல் பாட்டிலுக்கு. இரண்டாவதில் எனக்கு ஆப்பிள் வாசனை வந்தது. "ஆப்பிளா? வஞ்சிரம்பா அது" என்றான் ஏழுமலை. பெட்டி அவனுடையது, மறுக்க முடியவில்லை. மூன்றாவதை வாயில் ஊற்றியதும் மாமுவின் கண் விரிந்தது. கன்னம் உப்பியபடி கட்டைவிரலை உயர்த்தினார். அந்த உற்சாகத்தில் துப்பக்கூட மறந்து, நாலாவது பாட்டிலின் தக்கையைக் கட்டியிருந்த கம்பியை முறுக்க ஆரம்பித்தார்.

ஊர்வலம் எங்கள் தெருவுக்கும் வரும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. வந்தது. அந்த வீட்டு வாசலிலேயே எல்லோரும் முழங்காலிட்டு மௌனமாக இருந்த நேரம் பார்த்து, 'டொப்!' பங்குச் சாமியாரின் மைக் அந்தச் சத்தத்தைத் தெருக்கோடி வரை கொண்டுபோனது. தக்கை பறந்துபோய், மெழுகுவர்த்தியோடு இருந்த ஸ்டெல்லாவின் முன்னால் விழுந்து உருண்டது.

"யாருப்பா மேலே?" என்றார் சாமியார்.

நாங்கள் மூவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கிவிட்டோம். மாமு மட்டும் நுரை வழியும் பாட்டிலோடு நின்றார். பதில் சொல்ல வாய் காலியில்லை. முழுங்கினால் வாக்குப் போச்சு. துப்பினால் மானம் போச்சு. ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். முகம் சிவந்திருந்தது. முஷ்டியை உயர்த்தினாள்.

ஊர்வலம் மூலை திரும்பும்வரை, உப்பிய கன்னத்தோடு, தெருவே பார்க்க மாமு அப்படியே நின்றார். அவமானம் நாலு பேருக்கும் உரியது. வாங்கிக்கொண்டவர் அவர் ஒருவர். இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதன்பிறகு ஸ்டெல்லா அப்பாவிடம் பேசவில்லை. கையும் காட்டவில்லை. "எம் பொண்ணு தெருல தலகாட்ட முடியாம பண்ணிட்டேன்டா" என்று மாமு என்னிடம் வாய்விட்டே அழுதார். சம்பந்தியிடம் கெஞ்சி, ஒயினுக்குப் பதில் பன்னீர் சோடாவுக்கு ஏற்பாடு செய்தார்.

வரவேற்பில் எல்லோரும் தம்ளரைத் தூக்கினார்கள். பெண்ணைப் பெற்றவர் கடைசி வரிசையில், தம்ளரை மடியில் வைத்துத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் தோளைத் தட்டி மேடையைக் காட்டினேன். அங்கிருந்து ஸ்டெல்லா ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

மாமு எழுந்தார், தூக்கினார், வாயில் ஊற்றினார். பழக்கதோஷம், கன்னம் உப்பிக்கொண்டது. ஐயோ, துப்பிவிடப்போகிறாரே என்று நான் பக்கெட்டைத் தேடினேன். ஸ்டெல்லா சிரித்தபடி விரலைக் கீழே காட்டிச் சுழற்றினாள்.

மாமு இறக்கினார். கண்ணிலிருந்தும் கூடவே இறங்கியது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. இந்த முறை நான் எங்கேயும் பதுங்கவில்லை, அவர் பக்கத்திலேயே நின்றேன்.