காலிப் பணியிடமும் காலியாகாத குழியும்

ஒத்தக்கடையிலிருந்து திருவாதவூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கல்லூரி. அதன் சுற்றுச்சூழல் துறைக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்று நிர்வாகம் ஒருமனதாக முடிவு செய்தது. இத்தனை காலம் துறை தலைவர் இல்லாமல்தான் நடந்தது. இப்போது தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, வருகிறவர்களோடு கை குலுக்க ஒருவர் வேண்டும்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தாளாளர் வெள்ளைத்துரை, முதல்வர் கைலாசநாதன், தமிழ்த்துறையைச் சேர்ந்த நான். எனக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சம்பந்தம் இல்லாதவர் ஒருவர் இருந்தால்தான் நடுநிலைமை என்று முதல்வர் விளக்கினார்.

இங்கே குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியின் முன்வாசலில், நிறுவனர் சிலைக்கு எதிரே ஒரு குழி இருந்தது. ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் தினத்தன்று சிறப்பு விருந்தினர் அதில்தான் மரக்கன்று நடுவார். சுற்றிலும் சிமென்ட், ஆகவே வேட்டியில் மண் ஒட்டாது. பின்னால் சிலை தெரியும். போட்டோவுக்கு வெளிச்சமும் அருமையாக விழும். நட்ட கன்று ஆடி பிறப்பதற்குள் காய்ந்துவிடும். அடுத்த ஆண்டு அதே குழி புத்தம் புதிதாகக் காத்திருக்கும். எங்கள் கல்லூரியில் ஒழுங்காக நடந்துவந்த ஒரே காரியம் அதுதான்.

அதிலும் ஓர் ஆண்டு மண் விழுந்தது. நட்ட புங்கங்கன்று காயவில்லை. துளிர்த்தது, கிளைத்தது, மரமாகவே ஆகிவிட்டது. குழி போயிற்று. நிறுவனரின் திருமுகமும் இலைக்குள் மறைந்தது. அதன் பிறகு சுற்றுச்சூழல் தினம் கழிப்பறைப் பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரம் என்று நாடோடியாக அலைந்தது. விருந்தினர்கள் முகம் சுளித்தார்கள். ஆகவே குழியை மீட்டுத் தருபவரே துறைத்தலைவர் என்பது எங்கள் குழுவின் எழுதப்படாத விதி.

நேர்காணல் நாளில் எங்கள் மூவரின் கார்களும் அந்தப் புங்க நிழலில்தான் நின்றன. நிழல் நகர நகர, தாளாளரின் டிரைவர் மூன்றையும் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

முதலில் வந்தவர் வில்லாபுரத்திலிருந்து முனைவர் சிவபாண்டி. பச்சைச் சட்டை, சணல் பை, மூங்கிலில் செய்த தண்ணீர்க் குப்பி. உட்கார்ந்ததும் ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார்.

"விதை வச்சுச் செஞ்ச காகிதம் சார். மண்ணுல போட்டா துளசி முளைக்கும்."

முதல்வர் பதறிப்போய் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"வாசல்ல நிக்கிற மரத்த என்ன செய்யலாம்?" என்று கேட்டார் தாளாளர்.

"வேரோட பேத்து வேற எடத்துல வச்சிரலாம் சார். அதுக்கு மிஷின் இருக்கு."

"வச்சா செத்துருமா?"

"சாகாது சார். கட்டாயம் பொழச்சுக்கிரும்."

தாளாளரின் முகம் இருண்டது. "இந்தக் குழி போனது பத்தாதுன்னு இன்னொரு எடமும் போகணுமா? போயிட்டு வாங்க தம்பி."

'போதிய அனுபவமின்மை' என்று முதல்வர் குறித்துக்கொண்டார்.

அடுத்து நாகஜோதி. எங்கள் கல்லூரியிலேயே தற்காலிக விரிவுரையாளர். கட்டடத்துக்கு வர்ணம் அடித்து, அது உதிர்ந்து, மறுபடி அடித்த பிறகும் தற்காலிகமாகவே இருந்தவர். மே மாதம் வேலை போகும், ஜூனில் திரும்பி வரும். கணவருக்குச் செல்லூர் விசைத்தறியில் வேலை குறைந்துவிட்டது. இந்த முறையும் நிரந்தரம் ஆகாவிட்டால் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போக வேண்டியதுதான் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

தாளாளர் நேரே விஷயத்துக்கு வந்தார். "அந்தப் புங்கமரத்துக்குத் தண்ணி ஊத்துனது நீதானம்மா?"

"ஆமா சார். டிபன் பாக்ஸ் கழுவுற தண்ணிதான்."

"யாரு சொல்லி ஊத்துன?"

"யாரும் சொல்லல சார். நட்டாச்சேன்னு ஊத்துனேன்."

"நடுறதுதானம்மா நம்ம வேலை? வளக்கச் சொல்லி யாரு உத்தரவு குடுத்தா?"

முதல்வர் கனிவாக எடுத்துச் சொன்னார். "மேடம், குழு வர்றப்போ மரம் நடும் விழா கட்டாயம். மரம் நடணும்னா அங்க மரம் இருக்கப்படாது. துறைத்தலைவருக்கு இது புரிய வேண்டாமா?"

நாகஜோதி ஜன்னல் வழியே பார்த்தார். மரம் பூத்திருந்தது. நல்ல நிழல் தருகிறதே என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஓய்வு பெற இன்னும் காலம் இருந்ததால் மூடிக்கொண்டேன்.

"வேலை ஆர்டர் கைக்கு வந்ததும் வெட்டிர்றேன் சார்," என்றார் நாகஜோதி.

"இம்புட்டு நாளா இந்தத் திறமைய எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த?" தாளாளர் மகிழ்ந்துபோனார். 'சூழலைக் கருதித் துணிந்து முடிவெடுக்கும் ஆற்றல்' என்று தீர்மானத்துக்கு நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான்.

மரம் விழுந்த அன்று நாகஜோதி சாயங்காலம்வரை அறையை விட்டு வெளியே வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பக் காரைத் தொட்டேன், கை சுட்டுவிட்டது.

தரமதிப்பீட்டுக் குழு வந்தது. மீட்கப்பட்ட குழியில், மீட்கப்பட்ட நிறுவனரின் முகத்துக்கு முன்னால், புங்கங்கன்று ஒன்றை நட்டார்கள். பிளாஸ்டிக் ஒழிப்பின் அடையாளமாக, வெட்டிய மரத்திலேயே செய்த நினைவுப் பரிசை ஆளுக்கொன்று கொடுத்தோம். கார்களுக்குத் தகரக் கொட்டகை போட்டுப் பச்சை வர்ணம் அடித்து, 'பசுமை வளாகம்' என்று பலகையும் வைத்திருந்தோம். குழு நெகிழ்ந்துபோய் உயர்ந்த தரம் வழங்கியது.

எல்லாரும் போன பிறகு, கன்றின் அருகில் நாகஜோதி மட்டும் நின்றிருந்தார். பக்கத்தில் போனேன்.

"இதுக்கும் தண்ணி ஊத்துவீங்கதானம்மா?"

"போன தடவ ஊத்துனதுக்கே இம்புட்டு வருசம் தற்காலிகமா கெடந்தேன் ஐயா." அவர் என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். "நீங்க ஊத்தலாமே. நீங்க பெர்மனென்ட்தான?"

பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. மூடியைத் திறந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், மாடி வராந்தாவில் தாளாளர் நின்றுகொண்டிருந்தார்.

வெயிலும் கடுமையாகத்தான் இருந்தது. நானே குடித்துவிட்டேன்.