மூன்று திரைகளும் முதல் பக்கமும்

புத்தகம் படிப்பவர்களில் பல இனம் உண்டு. படித்து அழுகிறவர், படித்துக்கொண்டே தூங்குகிறவர், இரவல் வாங்கித் திருப்பித் தராதவர். இந்த வரிசையில் கடைசியாக வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டவர், திரையை ஒப்பிடுகிறவர். நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'பிக்சல்'.

பிக்சலிடம் மின்னூல் கருவிகள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் ஒரே புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, பால்கனிச் சுவரில் வரிசையாகச் சாய்த்து, கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, மாட்டி ஒருமுறை, பூதக்கண்ணாடி வைத்து ஒருமுறை பார்த்து, பிறகு ட்யூப்லைட்டின் கீழே, அதற்கும் பிறகு போர்வைக்குள்ளே கொண்டுபோய், இதில் கறுப்பு கறுப்பாக இல்லை, அதில் வெள்ளை சாம்பலாக இருக்கிறது, மூன்றாவதில் ஓரம் நீலம் பூக்கிறது என்று குறித்துக்கொள்வார். பக்கத்தைப் புரட்டுவாரா? புரட்டுவார். முந்தின பக்கத்தின் நிழல் திரையில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க. பார்த்ததும் முதல் பக்கத்துக்கே திரும்பிவிடுவார்.

இவர் மனைவி ஒரு நாவல் எழுதினார். ஆறு வருட உழைப்பு. புதன்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முடிவில் மட்டும் அவருக்குச் சந்தேகம்: மாற்றுவதா, விடுவதா? கணவர் ஒரு வார்த்தை சொன்னால் தைரியம் வரும் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே நாவலின் கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். பிக்சல் அதை மூன்று கருவிகளிலும் ஏற்றினார்.

ஞாயிறு காலையில் மனைவி கேட்டார்.

"படிச்சு முடிச்சீங்களா?"

"ஓ! முடிச்சாச்சே."

"முடிவு எப்படிங்க? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

"கச்சிதம். ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே. கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு."

மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் பதறிக்கொண்டு வந்தார்.

"தப்பு நடந்துபோச்சுங்க! உங்களுக்கு முதல் அத்தியாயத்தை மட்டும்தான் அனுப்பியிருக்கேன். வெறும் ஒன்பது பக்கம். மீதி எங்கேன்னு தவிச்சிருப்பீங்களே, பாவம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். "அப்போ காலைல எந்த முடிவைச் சொன்னீங்க?"

பிக்சல் முகத்தில் ஈயாடவில்லை.

"முதல் அத்தியாயத்தோட முடிவைத்தான்..."

"சரி, அது எப்படி முடியுது?"

பிக்சல் பக்கத்தில் இருந்த கருவியை எட்டிப் பார்த்தார்; திறந்திருந்தது முதல் பக்கம்.

மனைவி முழு நாவலையும் தன் நாத்தனாருக்கு அனுப்பினார். அந்த அம்மாள் நர்ஸ். நாலு இடத்தில் கீறல் விழுந்த பழைய போனில், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்து, செவ்வாய்க்கிழமை மாலை கூப்பிட்டார்.

"அண்ணி, முடிவைத் தொட்டீங்கன்னா நடக்கிறதே வேற! இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூணு ஸ்டாப் போயிட்டேன்."

புத்தகம் வந்தது. சமர்ப்பணத்தில், கணவர் பெயர் இருந்த இடத்தில் நாத்தனார் பெயர். அந்தப் பக்கத்தைப் பிக்சல் ஜன்னலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தாள் கொஞ்சம் மஞ்சளா இருக்கே," என்றார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று: கறுப்பு, சாம்பல், நீலம் எல்லாவற்றையும் இவ்வளவு கவனமாகக் கேட்டீர்களே, அந்த நாவலில் என்ன கதை என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?