பார்க்காமலே பழுது நீக்கியவர்

பழுதைத் தொட்டுச் சரிசெய்பவர் தொழிலாளி. பழுதைப் பார்த்து வழி சொல்பவர் பொறியாளர். பழுதை ஏறெடுத்தும் பாராமல் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதக்கூடியவர் எவரோ, அவரே நிபுணர். இப்படிப்பட்டவர் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் பிறப்பார் என்று சொல்வதுண்டு. நம் நிபுணரின் அலுவலகத்தில் ஒரே மாடியில் அறுபது பேர் இருந்தார்கள். அந்த அறுபதிலும் முதலிடம் இவருக்குத்தான்.

கணினிக் குறைதீர்ப்பு மையத்தில் பதினான்கு வருடச் சேவை. தொலைபேசி வழியாக ‘முடித்து’ வைத்த புகார்கள் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. ‘அதிவேக முடிப்பாளர்’ கேடயம் மூன்று முறை. இத்தனைக்கும் ஒரு கணினியின் திருகாணியைக்கூட அவர் கழற்றியதில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் அல்லவா? முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் இவர். எதிர்முனையில் இருப்பவர் அலுத்துப்போய்ப் போனை வைக்கும்வரை விசாரிப்பார். வைத்துவிட்டால் புகார் முடிந்தது. இதுதான் அந்த மையத்தின் விதி.

அவருடைய வார ஓய்வு நாளன்று மதியம் ஒன்றரை மணிக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென நீலமாகி, பிறகு கறுத்து, அப்படியே நின்றுவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி. மூன்று மணிக்கு அவளுக்கு நேர்காணல். குழந்தைக்காக வேலையை விட்டு ஒன்பது வருடமாகிறது. பதினேழு விண்ணப்பங்கள் போட்டு வந்த ஒரே அழைப்பு. தட்டச்சுத் தேர்வும் இருப்பதால் கைபேசி கூடாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இதை விட்டால் இன்னொன்று வராது. நிறுத்திப் போட்டாள், மறுபடி நிறுத்திப் போட்டாள். அரைமணி நேரம் போராடிவிட்டு நிபுணரை அழைத்தாள்.

“ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன். ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது.”

“பார்க்கக் கூடாது.”

“என்னது?”

“பார்த்தா எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்தா விசாரணை கெட்டுடும். நீ போன்ல கூப்பிடு.”

“நீங்க இங்கேயேதானே இருக்கீங்க!”

“அது ஒரு இடைஞ்சல்தான். சமாளிச்சுக்கலாம்.”

சமாளித்தார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் அவர் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது. அலுவலகத்தைக் கூப்பிட்டு தன் கணக்கில் முறைப்படி அடுத்த புகார் எண்ணை வாங்கினார்: 41,313. எண் இல்லாத பழுது இருந்தும் இல்லாதது என்பது அவர் கொள்கை. வேறு வழியில்லாமல் அவள் அவர் கைபேசிக்கு அடித்தாள். எடுத்தவுடன் அவர் பேசிவிடவில்லை. காத்திருப்போருக்கான இசையை இரண்டு நிமிடம் அவரே முணுமுணுத்தார்.

“வணக்கம். உங்க பேரு சொல்லுங்க மேடம்.”

“பதினோரு வருஷமா குடும்பம் நடத்துறோம்!”

“நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க.”

சொன்னாள்.

“நன்றி மேடம். ஸ்க்ரீன்ல என்ன தெரியுது?”

“ஒண்ணுமே தெரியலை.”

“எந்தக் கலர்ல ஒண்ணுமே தெரியலை?”

“கறுப்புல!”

“ரொம்ப நல்லது. ஒருதடவை அணைச்சுட்டு மறுபடி போடுங்க.”

“அஞ்சு தடவை போட்டாச்சுங்க.”

“அந்த அஞ்சுக்கும் நாங்க லைன்ல இல்லையே மேடம். இதுதான் முதல் தடவை.”

போட்டாள். பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு ‘பீ...ப்’ வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

“விட்டு விட்டுக் கத்துதுங்க!”

“கத்துதுன்னா உயிர் இருக்குன்னு அர்த்தம். வாழ்த்துகள் மேடம்.”

அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அறைக்குள்ளேயே, சாதாரணக் குரலில் சொன்னாள். “மணி ரெண்டே கால் ஆச்சு. எனக்குப் பயமா இருக்குங்க. ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க.”

நிபுணரின் கழுத்து அரை அங்குலம் அசைந்தது. உண்மையை மறைப்பானேன்? ஆனால் பதினான்கு வருடப் பயிற்சி சும்மா விடுமா? கழுத்தைப் பிடித்து மறுபடி சுவரைப் பார்க்க வைத்துவிட்டது.

“புரியுது மேடம். உங்க சிரமத்துக்கு வருந்துறோம். இன்னும் ஏழு தடவை அணைச்சுப் போட்டு...”

லைன் துண்டானது. வைத்துவிட்டாள், எனவே முடிந்தது. நிபுணர் உடனே அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். “நாப்பத்தோராயிரத்து முந்நூத்திப் பதிமூணு முடிஞ்சது. வாடிக்கையாளர் திருப்தி. பதினோரு நிமிஷம்.” ஓய்வு நாளிலும் சாதனை.

முதுகுக்குப் பின்னால் சில சத்தங்கள் கேட்டன. விசாரணை முடிந்துவிட்டதால் அவற்றுக்கு அவர் பொறுப்பல்ல. பிளக்கைப் பிடுங்கும் சத்தம். மேசை ஒரு பக்கம் ‘தொப்’பென்று இறங்கும் சத்தம். கம்ப்யூட்டரோடு வந்த கையேடு நாலு வருடமாக அந்த மேசையின் குட்டைக்காலுக்கு அண்டக்கொடுத்துக் கிடந்தது, அதைத்தான் உருவியிருக்கிறாள். பக்கங்கள் புரண்டன. “நீண்ட ஒலி விட்டு விட்டு வந்தால் மெமரிப் பலகையைக் கழற்றி, துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்தவும்” என்று அவள் தனக்குத்தானே வாசித்தாள். சமையலறைக் கத்தி திருகாணியில் கிறீச்சிட்டது. மகளின் பென்சில் டப்பா திறந்தது. எதன்மேலோ ரப்பரைத் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு ‘டக்’.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கம்ப்யூட்டர் பாடிக்கொண்டு எழுந்தது.

“பார்த்தியா?” என்றார் நிபுணர், சுவரிடம். “சில நேரம் அதுவாவே சரியாயிடும்.”

மூன்று மணி நேர்காணலில் அவள் ஒரு பக்கம் சாய்ந்த மேசையில் உட்கார்ந்து நேராகப் பதில் சொன்னாள். வேலை கிடைத்துவிட்டது. அலுவலகத்தில் நிபுணர் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்து, “எல்லாம் என் பயிற்சிதான்” என்று அடக்கத்தோடு சொன்னார். என்ன வேலை என்று யாரோ கேட்டபோது விழித்தார். ஊரையெல்லாம் தீர விசாரிப்பவர் வீட்டில் அதை மட்டும் விசாரிக்கவில்லை.

அடுத்த மாதம் தரச்சான்று வாங்குவதற்காகக் குறைதீர்ப்பு மையம் ஓர் ஏற்பாடு செய்தது. முடிந்த புகார்கள் உண்மையிலேயே முடிந்தனவா என்று வெளி நிறுவனம் ஒன்று வாடிக்கையாளர்களிடமும் முடித்தவர்களிடமும் கேட்டறியும். யாருக்கு நடுங்கினாலும் நிபுணருக்கு நடுங்கவில்லை. மடியில் கனமில்லையே! மேசைத் தொலைபேசி ஒலித்ததும் கம்பீரமாக எடுத்தார்.

“வணக்கம் சார். புகார் சரிபார்ப்புப் பிரிவுலேருந்து பேசுறேன்.”

குரல் காலையில் காபி கொடுத்த குரல்.

“நீயா?”

“அழைப்பு பதிவாகுது சார். போன மாசம் நீங்க முடிச்சதுல நூறு புகார் எனக்கு வந்திருக்கு. அறுபத்திரண்டு பேரு வேற ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணிக்கிட்டாங்க. முப்பத்தேழு பேரு வேற கம்ப்யூட்டரே வாங்கிட்டாங்க.”

“மீதி ஒருத்தர் இருக்காரே!” நிபுணரின் குரலில் நம்பிக்கை துளிர்த்தது.

“இருக்காங்க. நாப்பத்தோராயிரத்து முந்நூத்திப் பதிமூணு. நம்ம வீடு. ‘வாடிக்கையாளர் திருப்தி’ன்னு போட்டிருக்கீங்க.”

“அது... கடைசியில சரியாத்தானே போச்சு?”

“சரியாத்தான் போச்சு சார். இந்தப் படிவத்துலயும் ‘சரியாச்சு’, ‘சரியாகலை’ன்னு ரெண்டே ரெண்டு கட்டம்தான் இருக்கு. பயமா இருக்குன்னு பொண்டாட்டி சொன்னப்பவும், பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கலை. அதை எந்தக் கட்டத்துல எழுதட்டும்?”