இலக்கணமே இல்லாத தாய் மொழி

என் தம்பி சுகந்தன் ஒரு பொய்யன்.

பாங்கொக்கில் ஹோட்டல் வேலை பார்க்கிறான். தான் விரும்பிய தாய்லாந்துப் பெண்ணின் அம்மாவைக் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவதாகச் சொன்னான். எங்கள் குடும்பம் பிடித்தால்தான் பெண் கொடுப்பாராம். பெற்றோர் இல்லாத வீட்டில் மூத்தவள் நான். நாலு சொல்லாவது அவர் மொழியில் பேச வேண்டாமா?

வட்ஸ்அப்பில் பாடம் நடத்தினான்.

"அக்கா, இந்தப் பாசையில இலக்கணமே இல்ல. 'கின்' எண்டா சாப்பிடுறது. நேற்று, நாளைக்கு, நான், நீ, எல்லாத்துக்கும் அதான். 'மே' எண்டா அம்மா, 'ப்லா' எண்டா மீன். கேள்விக்கு 'மை'. பொம்புளையள் மரியாதைக்குக் கடைசியில 'கா' போடணும்."

"நம்மட 'என்னகா, வாகா' மாதிரியா?"

"ஓம் ஓம், அதேதான்."

அந்த 'கா'தான் என்னைக் கெடுத்தது. மட்டக்களப்புப் பெண்களின் 'கா' அங்கேயும் இருக்கிறதென்றால் நான் பாதித் தாய்லாந்துக்காரி அல்லவா? (என் புருஷன் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்: "நாப்பத்தாறு வயசிலதான் என்ட மனிசி தாய்மொழி படிக்கிறா.")

சுகந்தனோடு அந்த அம்மா வந்தார். தலையோடு முழுக் கொடுவா மீனைப் பொரித்து அவர் முன்னால் வைத்தேன். 'மீன் சாப்பிடுவீங்களா, அம்மா?' என்று மனதுக்குள் அடுக்கி, சொல்லுக்குச் சொல் மாற்றி, உரத்துக் கேட்டேன்.

"ப்லா கின் மே மை கா?"

அவர் மீனைப் பார்த்தார். கதிரையைப் பின்னால் இழுத்தார்.

"அக்கா! மீன் அம்மாவத் தின்னுமாவெண்டு கேக்கிறீங்க!"

தமிழில் அம்மாவை எங்கே வைத்தாலும் சாப்பிடுவது அம்மாதான். அங்கே முன்னால் நிற்பவர் சாப்பிடுவார், பின்னால் நிற்பவர் சாப்பாடு. இதற்குப் பெயர் இலக்கணம் இல்லையாம்!

"நீதானேடா இலக்கணம் இல்லையெண்டு சொன்ன!" என்று அகப்பையை ஓங்கிக்கொண்டு கத்தினேன். அந்த அம்மா எழுந்தே விட்டார். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

சுகந்தன் அவர் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் தாய் மொழியில் நீளமாக ஏதோ சொன்னான். இடையில் இரண்டு தரம் தன் தலையைத் தொட்டுக் காட்டினான். அவருடைய முகம் இளகியது. என்னிடம் வந்து கன்னத்தைத் தடவினார். அன்றைக்கே சம்மதமும் சொல்லிவிட்டார்.

கல்யாணம் முடிந்து மூன்று வருடம். இன்றைக்கும் மீன் சமைத்தால் என் பிள்ளைகள், "அம்மா கவனம், மீன் தின்னப்போகுது" என்கிறார்கள். அதைப் பொறுப்பேன். ஆனால் அந்த அம்மா வீடியோவில் என்னோடு குழந்தையோடு பேசுவதுபோல் பேசுகிறார். அங்கிருந்து யார் வந்தாலும் என் தலைக்குத் தேய்க்கத் தைலம் கொடுத்தனுப்புகிறார்.

சுகந்தன், அன்றைக்கு என்னைப் பற்றி அவரிடம் என்னடா சொன்னாய்? போனில் மழுப்பாதே. இதே பத்திரிகையில், உன் பெயரைப் போட்டு, தமிழில் எழுது.