பெஞ்சமின் கிராணி ரிவர்ஸ் எடுக்க மாட்டார்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் காட்டுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. காலை வேளையில் பினாங்கு ரோட்டில் ஒரு கோப்பி குடிக்கிற நேரம் நின்றால் போதும். ரோட்டில் போகிற மற்றவர்கள் எல்லாரும் கூட்டம், தாம் ஒருவர்தான் வேலையாகப் போகிற மனிதர் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர் எவரோ அவரே இந்த இனத்தார். அவருக்கு ஊர் பிடிக்கும், ரோடு பிடிக்கும், தம்முடைய வண்டி ரொம்பப் பிடிக்கும். அடுத்தவன் எதற்காக வீட்டை விட்டு வெளியே வந்தான் என்பதுதான் அவருக்கு விளங்குவதில்லை.

நம்முடைய பெஞ்சமின் கிராணியையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஆபீஸில் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆபீஸுக்கு நடந்து போன காலத்தில் அவர் ரிக்‌ஷாக்காரர்களைத் திட்டினார், மனிதன் நடக்க வழி விடுகிறார்களா என்று. சம்பளம் ஏறி ரிக்‌ஷாவில் போகத் தொடங்கியதும், குறுக்கே நடக்கிறவர்களைத் திட்டினார். பிறகு சைக்கிள் வாங்கினார். சக்கரம் டிராம் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்கிறது என்று டிராமைத் திட்டினார். தண்டவாளம் கொஞ்சம் ஒதுங்கிப் போகக் கூடாதா? கடைசியில், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் கறுப்புக் காரை வாங்கினார். அன்று முதல் நடக்கிறவன், இழுக்கிறவன், மிதிக்கிறவன், மாடு ஓட்டுகிறவன், மாடு, எல்லாரும் அவருக்கு விரோதிகள் ஆனார்கள்.

காரை ஓட்டுவது சிக்கந்தர் என்ற டிரைவர். ஓட்டுவது மட்டும்தான். ஹாரன் பெஞ்சமினுடைய இலாகா. டிரைவர் பக்கத்தில் இருந்த ரப்பர் பந்து ஹாரன் போதாது என்று, தாம் உட்காருகிற பின் சீட்டுக்குக் கைக்கு எட்டுகிற மாதிரி இன்னொன்றைப் பொருத்திக்கொண்டார். எதிரே ஆள் வந்தால் அமுக்குவார். ஆள் வராவிட்டால், வந்துவிடப் போகிறானே என்று அமுக்குவார். ராத்திரி வண்டியை நிறுத்த அவருக்குக் கொட்டகை கிடையாது. வீட்டு வாசலில், சந்தில் பாதியை அடைத்துக்கொண்டு அது நிற்கும். பக்கத்து வீட்டார் முணுமுணுத்தால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். "அது சும்மாதானேலா நிக்குது? சும்மா நிக்கிற வண்டி யாருக்கு என்ன இடைஞ்சல்?"

அவருடைய வீட்டிலிருந்து மாதா கோவில் எவ்வளவு தூரம் என்கிறீர்கள்? வாசலில் நின்று பலமாக இருமினால் கோவிலில் உபதேசியார் திரும்பிப் பார்ப்பார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காரில்தான் போவார். சிக்கந்தர் கைப்பிடி சுற்றி எஞ்சினைக் கிளப்பி, வண்டி சந்தை விட்டு வெளியேறி, டிராமுக்குக் காத்து, மாட்டு வண்டிக்குக் காத்து, ஒரு சுற்றுச் சுற்றிக் கோவில் வாசலுக்கு வருவதற்குள், மனைவி மார்த்தாவும் மகள் ஆலிஸும் நடந்தே வந்து பாதி ஜெபமாலையை முடித்திருப்பார்கள். பெஞ்சமின் வேர்த்து விறுவிறுத்து இறங்குவார். இறங்கியதும், அந்த இனத்தாருக்கே உரிய வாசகத்தைச் சொல்லுவார்:

"இந்த ஊர்ல கார் பெருத்துப் போச்சுலா."

இப்படி இருக்கையில் ஆலிஸுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை மைக்கேல், கடலுக்கு அக்கரையில் பைராம் தோட்டத்தில், ஆட்களை மேற்பார்க்கும் கண்டக்டர் வேலை. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டாரும் தையிலேயே முடித்துவிடலாம் என்றார்கள். பெஞ்சமின்தான் கேட்கவில்லை. காருக்குப் புது வர்ணம் அடிக்க விட்டிருந்தார். வர்ணம் காயாமல் கல்யாணமா? காய்ந்தது, பளபளப்புப் போதவில்லை என்று மறுபடியும் அடித்தார்கள். இப்படித் தள்ளித் தள்ளிப் போய், விபூதிப் புதனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமையில் வந்து நின்றது. பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பகல் பன்னிரண்டுக்குள் பூசை தொடங்கியாக வேண்டும், தவறினால் மறுநாள் தபசுகாலம், அதில் கல்யாணம் கூடாது, பாஸ்குத் திருநாள் கழித்துத்தான். பாஸ்கு கழித்து மைக்கேலுக்கு லீவு இல்லை. தோட்டத்துத் துரை இந்த ஒரு லீவையே மனமில்லாமல்தான் கொடுத்திருந்தார்.

ஆகவே எல்லாம் அந்த ஒரு காலைப் பொழுதில் இருந்தது. மற்ற தகப்பன்மார் என்றால் பெண்ணை அழைத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து, கோவிலுக்குள் போயிருப்பார்கள். பெஞ்சமினோ போன வருஷம் சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே இரவில், கடற்கரைத் திடலைச் சுற்றிச் சீன முதலாளிகளான தவுக்கேமாரின் கார்கள் விளக்கும் பூவுமாக வரிசை போனதைப் பார்த்துவிட்டு வந்தவர். அந்த வரிசை அவர் கண்ணை விட்டு அகலவே இல்லை. வேதக்காரர், இந்து, முஸ்லிம் என்று பாராமல், ஊரில் தமக்குத் தெரிந்த தமிழர்களில் கார் வைத்திருந்த அத்தனை பேரையும் வீடு தேடிப் போய் அழைத்தார். எல்லாரும் காரோடு வர வேண்டும், பெண்ணின் கார் முன்னே போக மற்றவை பின்னே வர வேண்டும், திடலை ஒரு சுற்றுச் சுற்றிக் கோவில் வாசலில் இறங்க வேண்டும். போட்டோ பிடிக்கிறவரிடமும் சொல்லி வைத்தார். "ஆள் கொஞ்சம் கொறைஞ்சாலும் பரவால்ல, கார் முழுசா விழணும்."

செவ்வாய்க்கிழமை வந்தது. கார்களும் வந்தன. பினாங்கு ரோட்டிலேயே வரிசையாக நிற்கும்படி ஏற்பாடு. ஆனால் துணி வியாபாரி திருநாவுக்கரசு மரியாதை தெரிந்தவர். கல்யாண வீட்டு வாசல் வரை போய்க் கும்பிடாமல் ரோட்டில் நிற்பதா என்று, ஊரிலேயே நீளமான தம்முடைய காரைச் சந்துக்குள் விடச் சொன்னார். அவரே போகிறார் என்று பின்னால் வந்தவர்களும் நுழைந்தார்கள். அதே நேரத்தில், பின் சீட்டில் பெஞ்சமினோடு மார்த்தாவும், முக்காடும் மாலையுமாக ஆலிஸும் உட்கார்ந்திருக்க, அவருடைய கார் வெளியே புறப்பட்டது. சந்தின் நடுவில் இரண்டு கார்களும் மூக்கோடு மூக்கு உரசுவதுபோல் வந்து நின்றன.

"அண்ணே, கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க. பொண்ணு வண்டி," என்று பெஞ்சமின் தலையை வெளியே நீட்டினார்.

"எடுக்கலாம் தம்பி. எனக்குப் பின்னால வரிசையா நிக்குது. ஒங்களுது சின்ன வண்டிதானே, நீங்க எடுத்தா லேசு," என்றார் திருநாவுக்கரசு, சிரித்த முகமாக.

சின்ன வண்டி. அந்தச் சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சிக்கந்தர் திரும்பிப் பார்த்து, "ஐயா, நமக்குப் பின்னால மறுமுனையில வந்த ஒரே ஒரு வண்டிதான். சொன்னா எடுத்துருவாங்க. நானும் நிமிஷத்துல எடுத்துர்றேன்," என்றார்.

"கல்யாணத்துக்குப் போற பொண்ண பின்பக்கமாவா கூட்டிட்டுப் போறது? சும்மா இரு," என்று பெஞ்சமின் ஹாரனைப் பிடித்தார். திருநாவுக்கரசின் டிரைவர் தம்முடையதைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் காரணம் தெரியாமலே அவரவர் ஹாரனைப் பிடித்தார்கள். சந்துக்குள் நுழைய முடியாத கார்கள் பினாங்கு ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் நிற்க, டிராம் நின்றது. டிராமுக்குப் பின்னால் மாட்டு வண்டிகள் நின்றன. பூசையில் நற்கருணை வாங்குகிறவர்கள் எல்லாரும் சபை விதிப்படி நடுச்சாமம் முதல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள். கோபம் வருவதற்கு அது ஒன்று போதாதா?

கோவில் மணி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. உபதேசியார் சந்து முனைக்கு ஓடி வந்தார். "அண்ணே, சாமி உடுப்பு மாட்டிட்டாரு. மாப்பிள்ளை பீடத்துக்கு முன்னால தனியா நிக்கிறாரு. பன்னெண்டு ஆகப் போகுது."

"அப்பா, அந்தா தெரியுதே கோவில். நடந்தே போயிருவோம்ப்பா," என்றாள் ஆலிஸ். அவள் குரல் அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"நடக்கிறதுக்கா கார் வாங்கினேன்?"

மார்த்தா கதவைத் திறந்தாள். சந்தின் அகலத்துக்கு அது பாதிதான் திறந்தது. "ஆலிஸ், சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்க. எறங்கு." பிறகு புருஷனைப் பார்த்து, "நீங்களும் வாங்க. கையப் பிடிச்சு பீடத்துக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியது நீங்க," என்றாள்.

பெஞ்சமின் ஒரு காலை வெளியே வைத்தார். எதிர்க் காரில் திருநாவுக்கரசு கொஞ்சமும் அசையாமல் தம்மையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நான் எறங்கினா அவர் ஜெயிச்சதா ஆயிடும். நீங்க முன்னால போங்க. இதோ வந்துர்றேன்."

தாயும் மகளும் கார்களுக்கும் சுவருக்கும் இடையில் ஒருக்களித்து நழுவி, கடைகளின் அஞ்சடி நடைபாதை வழியாகக் கோவிலுக்கு நடந்தார்கள். முனையில் திரும்பும்போது ஆலிஸ் நின்று ஒரு தரம் பின்னால் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த எந்தத் தகப்பனும் காரைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். பெஞ்சமின் அப்போது குனிந்து ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

கோவிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கார் இல்லாதவர்கள் அத்தனை பேரும் நேரத்தோடு வந்து சேர்ந்திருந்தார்கள். மார்த்தாவே மகளின் கையைப் பிடித்து பீடத்துக்கு அழைத்துப் போனாள். பன்னிரண்டு அடிக்கும் முன்னே பூசை தொடங்கியது. மைக்கேல் தாலி கட்டினான்.

கடைசியில், ரோட்டில் வண்டிகளை நிறுத்துவதற்கென்று முதுகில் பிரம்பு இறக்கை கட்டிய போலீஸ்காரர் ஒருவர் வந்து, ஒரு கையை இந்தப் பக்கமும் ஒரு கையை அந்தப் பக்கமும் காட்டினார். இரண்டு கார்களும் உடனே பின்வாங்கின. கவர்மெண்ட் சொல்லிப் பின்வாங்குவதில் மானக்கேடு இல்லை பாருங்கள். இப்போதாவது பெஞ்சமின் இறங்கி நடந்தாரா? இல்லை. சந்தின் மறுமுனை வழியாக வெளியேறி, நெரிசலுக்கு ஒதுங்கித் திடலைச் சுற்றிக்கொண்டு காரில்தான் வந்தார். வந்து சேர்ந்தபோது போட்டோ பிடிக்கிறவர் கறுப்புத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். கொண்டுவந்த பிளேட்டெல்லாம் தீர்ந்துவிட்டதாம்.

ஆலிஸும் மைக்கேலும் அவர் காலில் விழுந்தார்கள். ஆசீர்வாதம் சொல்ல வாய் எடுத்தவர் மகளின் கையைப் பார்த்தார். ஒரே மகள். அவள் கையைப் பிடித்துக் கொடுக்கிற அந்த ஒரு தரம் போய்விட்டது. இனி எத்தனை கார் வாங்கினாலும் வராது. அது அவருக்கு அந்தக் கோவில் படியில் வைத்துத்தான் உறைத்தது. எல்லார் முன்னிலையிலும் அழுதார். மார்த்தா தன் முந்தானையைக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டார், மூக்கைச் சிந்தினார், ரோட்டைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல கார் பெருத்துப் போச்சுலா," என்றார்.

அன்று பிடித்த கல்யாணப் படம் இன்றைக்கும் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பெண், மாப்பிள்ளை, மார்த்தா, சாமியார், உபதேசியார் எல்லாரும் இருக்கிறார்கள். பெஞ்சமினும் இல்லை, காரும் இல்லை. வருகிறவர்கள் கேட்டால், திருநாவுக்கரசின் வறட்டுக் கௌரவத்தை விவரமாகச் சொல்லுவார். திருநாவுக்கரசின் கடைக்குப் போனால் அவர் பெஞ்சமினுடையதைச் சொல்லுவார். துணி எடுக்கப் போகிறவர்கள் இரண்டு கதைகளையும் கேட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போது, இது அச்சு அசல் நம் ஆள்தான் என்று உங்களுக்கு யாரோ ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்திருக்கும். அடுத்த வீட்டுக்காரரோ, மைத்துனரோ, ஆபீஸில் உங்களுக்கு மேலே இருக்கிறவரோ. அவரிடம் போய் இதைப் படித்துக் காட்டிவிடாதீர்கள். அவரும் இதே பக்கத்தைப் படித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்து, உங்களிடம் எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.