சின்னசாமி வம்சத்துப் பரிவட்டம்

தலையில் ஒரு முழப் பட்டுத்துணி கட்டிக்கொள்ள ஒரு மனுஷன் என்னவெல்லாம் செய்வான்? சக்கரபாணி, செத்துப்போனவர்களை எல்லாம் எழுப்பிக் கூட்டிவந்தார்.

விஷயம் இதுதான். அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையோரம், ஒரு நாலுகால் மண்டபம். இப்போது ஆடு படுக்கிற இடம். தூணில் 'சின்னசாமி உபயம்' என்று வெட்டியிருக்கும். மாட்டுப்பொங்கல் அன்று திருவூடல், அதாவது சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை. அம்மன் கோபித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி மறுநாள் காலையில் தனியாக மலையைச் சுற்றுவார். பெண்டாட்டி கதவைச் சாத்தினால் சாமிக்கே அந்தக் கதி. அப்படிச் சுற்றி வரும்போது இந்த மண்டபத்தில் கொஞ்சம் இளைப்பாறுவாராம். எப்போதோ விட்டுப்போன பழக்கம். எண்பத்திரண்டு ஐப்பசியில் ஊர் கூடி, வருகிற தையில் அதைத் திரும்ப நடத்துவது என்று முடிவு செய்தது. மண்டபம் கட்டியவரின் வாரிசுக்குப் பரிவட்டம். சாமிக்கு முன்னால் நிற்கவைத்து, அர்ச்சகர் கையால் தலையில் பட்டு கட்டுவார்கள். மேளம் வாசிப்பார்கள். ஊரே பார்க்கும்.

"சின்னசாமி எங்க பாட்டன்!" என்று எழுந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சக்கரபாணி. இன்னொருவன் அவர் பெண்டாட்டியின் தம்பி தருமன்.

"ஒரு துணிய ரெண்டு தலைக்குக் கட்ட முடியாதுங்களே" என்றார் அர்ச்சகர் பஞ்சாட்சரம்.

சக்கரபாணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சின்னசாமி கட்டின வூட்ல இன்னிக்கும் யாரு குடியிருக்கறது? நானு. அப்ப நான்தான் மகன் வழி. தருமன் எங்கயோ மகள் வழியில ஒட்டிக்கினு வந்திருப்பான். ஊருக்குப் பொதுவா ஒரு ஞாயம் சொல்றேன். மகன் வழிக்குப் பரிவட்டம். மகள் வழிக்கு, சாமி வரும்போது பரிவட்டக்காரருக்குக் குடை புடிக்கற மரியாதை. இன்னா சொல்றீங்க?"

நல்ல ஞாயம் என்றது ஊர்.

"வாயால சொன்னா பத்தாது. வம்சாவளி காயிதம் வேணும்" என்றார் பஞ்சாட்சரம்.

"கொண்டாறேன்!"

தருமனுக்குக் காயிதம் என்றாலே பயம். அவன் மூன்றாம் வகுப்போடு மாட்டுப் பக்கம் போய்விட்டவன். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தான். அக்கா ஆதிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இருமல் என்று சக்கரபாணி நினைத்துக்கொண்டார்.

அவருக்கு ஆசை ரொம்பப் பெரிசு இல்லை. செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் சைக்கிள் எடுப்பார்கள். இவர் மலை உச்சியில் மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாடகை கேட்க மறந்துவிடுவார். வீட்டில் அவர் பேச்சுக்கு மதிப்புக் கம்மி, ஆதிலட்சுமி பேச்சு ஜாஸ்தி. ஒரே ஒரு தடவை, அவள் கண்ணெதிரே, ஊர் தன்னை நிமிர்ந்து பார்க்கவேண்டும். அதற்குத்தான் அந்தத் துணி.

ராத்திரிச் சாப்பாட்டில் அறிவித்தார். "லட்சுமி, நான் வம்சாவளி தேடப்போறேன். தாலுகா ஆபீஸ், வேலூரு, எங்க போகணுமோ அங்கல்லாம் போவேன். தடுக்காத."

"போங்க மாமா."

சோறு கையிலேயே நின்றது. "இன்னாடி சொன்ன?"

"போங்கன்னேன். புளிசாதம் கட்டித்தரேன்."

சந்தைக்குப் போகிறேன் என்றாலே சட்டையைப் பிடித்து இழுக்கிறவள். வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். சக்கரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணு மட்டும் மாமா. ஆம்பளைங்க பேரை மட்டும் எழுதிக்கினு வந்துடாதீங்க. யாருக்கு யாரு பொண்டாட்டி, யாரு பொண்ணு, யாரு மருமவன், எல்லாம் வேணும். அரைகுறையா இருந்தா தம்பி சண்டைக்கு வருவான்."

"உந்தம்பி கெடக்கறான்."

"அதான். யாரும் வாயே தொறக்க முடியாம பண்ணிடுங்க."

அதற்கப்புறம் சக்கரபாணி தரையில் நடக்கவில்லை. பஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் போதும், புளியமரங்களுக்கு நடுவே சின்னசாமி வெள்ளைக் குதிரையில் கூடவே வருவார். காதில் கடுக்கன். முறுக்கின மீசை. தாது வருஷப் பஞ்சத்தில் ஊருக்கே கஞ்சி ஊற்றுவார். வெள்ளைக்காரக் கலெக்டர் தொப்பியைக் கழற்றுவார். போளூரில் இறங்கவேண்டியவர்கள் இவரைத் தாண்டிக்கொண்டு இறங்குவார்கள். இவர் நகரமாட்டார். குதிரை நின்றுவிடுமே!

ஆபீஸ்களில் பழைய கட்டுகளை அவிழ்த்துக் காட்டினார்கள். தூசு பொன்னாகப் பறந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தூசைப் பார்த்துக்கொண்டே பாதி நேரம் போய்விடும். அதில் பாட்டன்மார் மிதந்துகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றும். தும்மக்கூட மாட்டார். யாராவது பறந்துபோய்விட்டால்?

ஒருநாள் முகம் தொங்கித் திரும்பினார்.

"இன்னா மாமா, தாத்தா கெடைக்கலியா?"

"கெடைச்சாரு. எங்க கொள்ளுத்தாத்தா பேரு இன்னா தெரியுமா? மண்ணாங்கட்டி."

ஆதிலட்சுமி முறத்தில் இருந்த கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "அதுக்கின்னா? பொறந்ததெல்லாம் செத்துக்கினே இருந்தா, அடுத்த புள்ளைக்கு அப்டித்தான் பேரு வெப்பாங்க. எமன் சீந்தமாட்டான்னு. ஆனா சின்னசாமிக்குத்தான் மொதப் புள்ளையே தங்கிடுச்சே..."

சட்டென்று நிறுத்தினாள்.

"உனக்கு எப்டித் தெரியும்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். காப்பி வேணுமா?"

காப்பி என்றதும் கேள்வி போய்விட்டது. குடித்து முடிப்பதற்குள் மண்ணாங்கட்டியும் ஒரு சின்னக் குதிரையில் ஏறிவிட்டார்.

மார்கழிக் கடைசியில் வேலூரிலிருந்து பழைய பதிவின் நகல் கிடைத்தது. டைப் அடித்து, முத்திரை குத்தி. முதல் வரியிலேயே சின்னசாமியும் மண்ணாங்கட்டியும் பக்கத்தில் பக்கத்தில். அவ்வளவுதான், எழுத்தெல்லாம் கண்ணீரில் மிதக்க ஆரம்பித்துவிட்டது. மேலே படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆதிலட்சுமி கையில் கொடுத்தார்.

அவள் கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள். "முழுசாப் படிச்சீங்களா மாமா?"

"அப்பனும் புள்ளையும் ஒரே வரியில கீறாங்க. வேற இன்னா வேணும்?"

"வேற ஒண்ணும் வேணாம் மாமா" என்று மடித்துப் பெட்டியில் வைத்தாள். பத்திரமாக.

அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் துண்டைத் தலையில் கட்டிப் பழகினார். பக்கத்து வீட்டுத் திரௌபதி எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணே, தலைவலியா? சுக்கு அரைச்சுத் தரட்டுமா?"

போகிக்கு முந்தின சாயங்காலம் மண்டபத்தடியில் ஊர் கூடியது. சக்கரபாணி சலவை வேட்டியில் வந்தார். தருமன் சாணிக் கையைக் கழுவிவிட்டு அப்படியே வந்திருந்தான்.

"காயிதம் கீது!" என்றார் சக்கரபாணி.

"இருக்கட்டும், அதுக்கு வரேன்" என்றார் பஞ்சாட்சரம். "மொதல்ல ஒரு விஷயம் கேட்டுக்கறேன். பொங்கலுக்கு மூத்தவங்களுக்குத் துணி வெச்சுப் படைக்கறீங்க இல்லையா? தருமா, உங்க வூட்ல இன்னா வெப்பீங்க?"

"வேட்டிங்க சாமி. சின்னசாமி வேட்டின்னு சொல்லுவாரு அப்பா."

சக்கரபாணிக்குச் சிரிப்பு வந்தது. வெறும் வேட்டி! தன் வீட்டுப் படையலை நினைத்துப் பார்த்தார். அவர் கண் எப்போதும் வடை மேலேதான் இருக்கும். ஆனாலும் துணி ஞாபகம் இருந்தது. எப்படி மறக்கும்? அப்படி ஒரு ஜரிகை!

நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க வூட்ல வேட்டியெல்லாம் இல்லீங்க. அரக்குக் கலர்ல பொடவை! ஜரிகை போட்டது. பூ, மஞ்சள், கண்ணாடி வளையல், எல்லாம் வெச்சுத்தான் படைப்போம்!"

மலையிலிருந்து காற்று இறங்கி வந்தது. ஒரு ஆடு இருமியது.

"ஏன் அண்ணே, உங்க மூத்தவரு பொடவையா கட்டிக்கினாரு?" என்றாள் திரௌபதி.

ஊர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் எழுந்து ஓடின.

சக்கரபாணிக்கு இன்னும் புரியவில்லை. பஞ்சாட்சரம்தான் மெதுவாகச் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க. வேட்டி வெச்சா அந்த வூட்டுக்கு மூத்தவன் ஆம்பளை. பொடவை வெச்சா, அந்த வூடு மகளால தழைச்ச வூடு. அந்த அம்மாவுக்குத்தான் உங்க வூட்ல படையல். பேரு தெரியுமா?"

"வெள்ளையம்மா" என்றாள் ஆதிலட்சுமி.

அவள் கையில் நகல் இருந்தது. கணீரென்று படித்தாள். சின்னசாமி மகன் அருணகிரி பஞ்சத்தில் மைசூர் பக்கம் போய் ஊரில் இல்லாதபடியால், மகள் வெள்ளையம்மாளின் புருஷனும் சின்னசாமிக்கு மருமகனுமான மண்ணாங்கட்டி பேரில் வீடும் நிலமும் பதிவு. அருணகிரி அப்புறம் திரும்பிவந்து தனிவீடு கட்டினான். அவன் பேரன்தான் ஆதிலட்சுமிக்கும் தருமனுக்கும் அப்பா.

"அப்ப மண்ணாங்கட்டி..." என்றார் சக்கரபாணி.

"வூட்டோட மாப்பிள்ளை மாமா."

வெள்ளைக் குதிரை அவரை இறக்கிவிட்டுத் தனியாகப் போய்விட்டது. கடுக்கன் போச்சு, மீசை போச்சு, கலெக்டரும் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டார். "உனக்கு மொதல்லயே தெரியுமாடி?"

"வருஷா வருஷம் அந்தப் பொடவையைத் துவைச்சு மடிச்சு வெக்கறது யாரு? நீங்களா?"

"அப்புறம் ஏண்டி என்னை ஊரு ஊரா அலையவுட்ட?"

"அர்ச்சகரு காயிதம் கேட்டாரே மாமா. தம்பிக்கு மாட்டுகிட்டப் பேசத்தான் தெரியும். ஆபீஸ்ல நின்னு பேச உங்களை வுட்டா நம்ம குடும்பத்துல வேற ஆளு யாரு கீறாங்க?"

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று வீடு வரும் வரைக்கும் யோசித்தார். பாராட்டுத்தான் என்று முடிவு செய்தார். பாவம், வேறு வழியில்லை.

காணும் பொங்கல் காலை. பனி விலகி மலை பளிச்சென்று நின்றது. சாமி தனியாக வந்தார். பக்கத்தில் அம்மன் இல்லை. ராத்திரியெல்லாம் வெளியில் தங்கிய புருஷனின் முகம். சக்கரபாணி அந்த முகத்தையே பார்த்தார். ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. இந்தச் சொந்தத்துக்கு வம்சாவளி தேவையே இல்லை என்று தோன்றியது. மேளம் தூரத்தில் போவது போலவும், மலை கொஞ்சம் மிதப்பது போலவும் இருந்தது. தலையில் பட்டு இறங்குகிறது. ஊர் நிமிர்ந்து பார்க்கிறது. ஆதிலட்சுமியும் பார்க்கிறாள்...

"மாமா!"

"உம்?"

"குடையை இந்தப் பக்கம் சாய்ங்க. தம்பி மூஞ்சில வெயில் அடிக்குது."